தற்செயலாகப் பள்ளிக்கரணை வரை

தி.நகரில் கடை வைத்திருப்பவர்களுக்கு அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினாலே வெளியூர்தான். எங்கள் அப்பா பல வருடங்களாக இங்கே எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்துகிறார். தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு நினைத்தால் பஸ் ஏறிவிடுவார். திருவான்மியூருக்குக் கடைசியாக எப்போது போனார் என்று கேட்டால் மட்டும் மோட்டுவளையைப் பார்த்து யோசிப்பார். அப்படிப்பட்டவர் போன ஜனவரியில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் எடுத்துக் குடும்பத்தோடு பள்ளிக்கரணை சதுப்பு நிலப் பூங்காவுக்குப் போய்ப் பறவை பார்க்கலாம் என்றார்.

அப்பாவுக்குக் காக்காய்க்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. என்னை யாருக்கோ காட்டப்போகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நேராக வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று போனால் அது தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் முதலில் ஒரு பொது இடத்தில் சந்திப்பார்கள். சந்திப்பு என்றுகூடச் சொல்லக்கூடாது. இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே இடத்துக்கு வர வேண்டும், தற்செயலாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். எதற்கு வந்தோம் என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. பிடிக்கவில்லை என்றால் வந்ததுபோலவே கலைந்துவிடலாம். யாரும் யாரையும் வேண்டாமென்று சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் யாரையும் பார்க்கவே வரவில்லை.

இப்படி நான் கோயில்களில், பட்டுச்சேலைக் கடைகளில், பொருட்காட்சி அப்பளக் கடை முன்னால் எல்லாம் தற்செயலாக நின்றிருக்கிறேன். கோயில் குருக்களுக்கே என் முகம் பழகிப்போய்விட்டது. அதனால்தான் கல்யாணப் புரோக்கர் இந்த முறை பூங்காவைச் சொன்னாராம்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. வங்கியில் வேலை. பதவி உயர்வோடு ஷில்லாங்குக்கு மாற்றல் வந்திருந்தது. போகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை நான் சொல்லியாக வேண்டும். அப்பாவிடம் ஒரே பேச்சாகச் சொன்னேன்.

"இதுதான்பா கடைசி. அமைஞ்சா இங்கயே இருக்கேன். அமையலேன்னா ஷில்லாங்."

மிரட்டல் மாதிரித்தான் சொன்னேன். அப்பாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "அந்த மலங்காட்டுக்கெல்லாம் நீ போவ வேண்டி வராதும்மா. முருகன் விட்டுருவானா?" என்றார். அந்த ஊரின் படங்களை நான் எத்தனை தடவை போனில் எடுத்து எடுத்துப் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

எங்களுக்குச் சொந்த வண்டி இல்லாமல் இல்லை. கடைக்கு ஒரு குட்டியானை இருக்கிறது. அண்டா, குண்டான், இட்லிச் சட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும். அதில் போய் இறங்கினால் தற்செயல் மாதிரித் தெரியாது, டெலிவரி மாதிரித் தெரியும் என்று அம்மாதான் சொன்னாள். அந்தக் குட்டியானையை ஓட்டுகிறவர் அம்மாவின் தம்பி, துரை மாமா. வாடகைக் காரையும் அவரே ஓட்டுவது என்று முடிவானது.

ஞாயிறு காலை வாடகைக் கம்பெனி ஆள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்தியதும் போனை எடுத்து வண்டியை வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். முன்னால், பின்னால், இடது பக்கம், வலது பக்கம். எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை, நிமிர்ந்து ஒரு பார்வை. எனக்கு அந்தக் காரின் மேல் உடனே ஒரு பாசம் வந்துவிட்டது.

துரை மாமா உள்ளே உட்கார்ந்து காலால் துழாவினார். "தம்பி, கிளட்ச் எங்க இருக்கு?"

"கிளட்ச் கிடையாது சார். ஆட்டோமேட்டிக்."

"அப்ப எடது காலு என்ன செய்ய?"

"சும்மா வெச்சிருங்க சார்."

மாமாவின் இடது கால் சும்மா இருந்து பழக்கமில்லாத கால். அது ஒவ்வொரு சந்திலும் கிளட்சைத் தேடும், தேடி அகலமான பிரேக்கைக் கண்டுபிடித்து ஓங்கி மிதிக்கும். நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் முன்னால் போய்த் தலை வணங்கிவிட்டுத் திரும்பி வருவோம். தெருமுனை பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது அப்படி ஒரு தடவை ஆனது. அம்மா மட்டும் அதைச் சகுனம் என்று எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இதற்கு நடுவில் அப்பா ஒரு பெரிய ஆபத்தைக் கண்டுபிடித்தார். காரின் நம்பர் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். வாடகைக் கார் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். கார் வாடகை என்றால் கடையும் வாடகை என்று நினைத்துவிடுவார்களே என்று கவலைப்பட்டார். கடையும் வாடகைதான் என்பது வேறு விஷயம். அம்மா பூஜைக்கு வாங்கிய சாமந்தி மாலையை எடுத்து முன்பக்கம் நம்பர் மறையும்படி கட்டிவிட்டாள். பின்பக்கத்துக்குக் கதம்பம்.

கோட்டூர்புரம் பாலத்தருகே போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார். மாமா நிறுத்தினார். எல்லோரும் தலை வணங்கினோம்.

"கல்யாண வண்டியா?" என்று காவலர் கேட்டார்.

"இன்னும் இல்ல சார்," என்றார் அப்பா.

காவலர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், புளிமூட்டையாக உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் இருந்த சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தார். அவர் வீட்டிலும் பெண் இருக்க வேண்டும். "மாலைய மட்டும் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டிக்கினு போங்க பெரியவரே" என்று விட்டுவிட்டார். அதன் பிறகு எங்கள் கார், முழு நம்பரையும் ஊருக்குக் காட்டிக்கொண்டு, நெற்றியில் மாலையோடு போனது.

திருவான்மியூரில் மருந்தீஸ்வரரைக் கும்பிடாமல் போனால் காரியம் கெட்டுவிடும் என்று அம்மா இறங்கினாள். நானும் இறங்கி ஒரு டம்ளர் காபி குடித்தேன். நல்ல காபி. தி.நகர் காபியைவிடச் சூடு கொஞ்சம் குறைவு, சண்டையும் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் நின்று குடித்தவர்கள் கடல் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் காற்றைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை, அங்கே அதற்கு இடம் இல்லை.

திரும்பி வந்தால் கார் கிளம்பவில்லை. மாமா பொத்தானை அழுத்துகிறார், விளக்கெல்லாம் எரிகிறது, பாட்டுகூட வருகிறது, இன்ஜின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பஸ் நிலையத்துப் பக்கமிருந்து ஒரு ஆட்டோக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, பேட்டரி டவுனா கீதா? நாலு பேரு தள்ளுனா கப்புனு புடிச்சிக்கும். வா, நானும் தள்றேன்."

அப்பா, ஆட்டோக்காரர், பூக்கடைக்காரர், வழியில் போன இரண்டு பேர் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். கார் ஒரு அங்குலம் நகரவில்லை. "வண்டி செம வெயிட்டு கீதுபா. உள்ள இன்னா ஏத்திக்கினு போறீங்க?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். உள்ளே துரை மாமா மட்டும்தான் இருந்தார். வியர்வையில் அப்பாவின் நெற்றித் திருநீறு முழுசாகக் கரைந்து போய்விட்டது.

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்தவும் என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு வரி அத்தனை நேரமும் மின்னிக்கொண்டிருந்தது. மாமாவிடம் படித்துச் சொன்னேன்.

"காலைல இருந்து அத மிதிக்காத மிதிக்காதன்னு தானட்டி எல்லாரும் என்னக் கரிச்சுக் கொட்டுனிய?" என்றார் மாமா. இரண்டு காலையும் பயந்து சீட்டின் மேல் மடித்து வைத்திருந்தார்.

பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆனால் உள்ளே போனதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தப் பக்கம் லாரியும் பஸ்ஸும் ஓடுகிற அகலச் சாலை, அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் இவ்வளவு தண்ணீர், இவ்வளவு கோரை, இவ்வளவு வெள்ளைப் பறவைகள். காற்று ஒரு திசையில் அடித்தால் சொர்க்கம். திசை மாறினால் பெருங்குடிக் குப்பை மேடு. இரண்டையும் பறவைகள் சட்டை செய்ததாகத் தெரியவில்லை.

ஆபீஸ் பயிற்சிக்காகச் சிங்கப்பூர் போயிருந்தபோது அங்கேயும் ஒரு சதுப்பு நிலப் பூங்கா பார்த்திருக்கிறேன். மரப்பாலத்தில் வெகுநேரம் நடந்தும் ஒரு மனிதர் என்னிடம் பேசவில்லை. ஒரு உடும்பு மட்டும் குறுக்கே போனது. அதுவும் என் வயதைக் கேட்கவில்லை.

இங்கே அப்பா பறவைகளைப் பார்க்கவே இல்லை. அடையாளம் தேடிக்கொண்டிருந்தார். புரோக்கர் சொன்ன அடையாளம், பையன் இளநீலச் சட்டை போட்டிருப்பான் என்பது. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, கை நிறையச் சம்பளம், கூட அம்மா வருவார். தண்ணீரை ஒட்டிய பார்வை மேடையில் இளநீலச் சட்டையோடு ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அந்த அம்மாவும் எங்களைப் பார்த்தார், எங்கள் அம்மாவின் நெற்றிப் பொட்டைக் குறிப்பாகப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"பறவை பாக்க வந்தீங்களா?" என்றார் அப்பா.

"ஆமாங்க. சும்மா, தற்செயலா வந்தோம்," என்றார் அந்த அம்மா.

"நாங்களும் தற்செயல்தான்!"

இரண்டு பக்கமும் நிம்மதிப் பெருமூச்சு. அந்த அம்மாவின் பெயர் ரெஜினா என்பதும், ஓய்வு பெற்ற டீச்சர் என்பதும், வீடு சாந்தோமில் என்பதும் பிறகு தெரிந்தவை. அப்போது யாரும் பெயர் கேட்கவில்லை. பெயர் கேட்டால் தற்செயல் கெட்டுப்போகும் என்று இரு தரப்பும் பயந்தன.

"தம்பி என்ன பண்ணுதீங்க?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

"ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் சார்."

அப்பா என் காதருகே குனிந்தார். "லட்சக்கணக்குல சம்பாதிக்கிற பிள்ள. காட்டிக்கிடுதானா பாத்தியா?"

"ஐ.டி.காரங்க எல்லாம் இப்ப இப்படித்தான் அத்தான், வெளிய சொல்லிக்கிட மாட்டாங்க," என்றார் துரை மாமா.

ரெஜினா டீச்சர் என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். வங்கி என்றேன். அவர் மகனைப் பார்த்து லேசாகக் கண் காட்டினார். அவருக்குச் சொல்லப்பட்ட பெண் ஆஸ்பத்திரி நர்ஸ். நைட் டியூட்டியை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாராம்.

கொஞ்ச நேரத்தில் அம்மா, "அங்க ஒரு வாத்து நிக்குது, வாங்கம்மா பாப்போம்" என்று பெரியவர்களையெல்லாம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் காட்டிய பக்கம் வாத்து எதுவும் இல்லை. நானும் இளநீலச் சட்டையும் மட்டும் மேடையில் நின்றோம். பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. இன்னும் தள்ளி, பீரங்கி மாதிரி கேமராக்களோடு மூன்று பேர். "இந்தக் குடும்பங்கள் வீட்டுக்குப் போனால்தான் பூநாரை இறங்கும்" என்று அவர்கள் ஆங்கிலத்தில் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

"அது இன்னா பறவைங்க?" என்று இளநீலச் சட்டைக்காரர் கேட்டார்.

"கொக்கு."

"அது?"

"அதுவும் கொக்குதான்."

"அது மூக்குக்கு அடியில பை தொங்குதே."

"பை வெச்ச கொக்கு," என்றேன். அது கூழைக்கடா என்று அங்கேயே பலகையில் படம் போட்டிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேமராக்காரர் ஒருவர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். அதற்கும் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்கியதும் எனக்கு இந்த நாடகம் ஒரேயடியாக அலுத்துவிட்டது. "நீங்களும் பறவை பாக்க வரல, நானும் வரல. எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"அப்பாடா," என்றார் அவர். "நீங்களே சொல்லிட்டீங்க. எங்கம்மாகிட்ட வாய தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"எனக்கு இதான் கடைசி. இது அமையலேன்னா ஷில்லாங் போறேன். ஆபீஸ்ல மாத்தல் வந்திருக்கு."

"ஐயோ, அவ்ளோ தூரமா? போகணும்னு கட்டாயமா?"

"இல்ல. நானா முடிவு பண்ணணும்."

"அப்போ ஆசையா இருக்கா, போறதுக்கு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். பந்து பிடிக்கத் தெரியுமா என்று பள்ளிப் பிள்ளையிடம் கேட்பது போல. ஆனால் இதுவரை ஒருவர்கூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"ரொம்ப," என்றேன். "கல்யாணம் வேண்டாம்னு இல்ல. ஆனா மொதல்ல அங்க போகணும். மேகம் வீட்டுக்குள்ள வருமாம். எனக்குன்னு ஒரு வீடு, எனக்குன்னு ஒரு அடுப்பு. யாருக்கும் காட்டாம ஒரு ரெண்டு வருசம் சும்மா நான் பாட்டுக்கு இருக்கணும்."

"அப்ப போங்க. நான்னா போயிடுவேன்," என்றார் அவர். தன் வருங்கால மனைவி என்று அவர் நினைத்திருந்த பெண்ணிடம் அப்படிச் சொன்னார். நல்ல மனிதர்.

உள்ளே தின்பண்டம் சாப்பிட வேண்டாமே என்று எல்லோரும் வெளியே வந்து புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்து பெஞ்சுக் குடும்பமும் எங்கள் பின்னாலேயே வந்து கொஞ்சம் தள்ளி நின்றது. அம்மா கூடையைத் திறந்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, முறுக்கு, கருப்பட்டி மிட்டாய். ரெஜினா டீச்சர் ஒரு டப்பாவை நீட்டினார். சோழி மாதிரி சுருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டிய கல்கல். அம்மா ஒன்றை வாயில் போட்டு, "நல்லாருக்கே, இது சோமாசிக்குத் தங்கச்சி மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அப்பா ஒரு இட்லியை எடுத்தார். ரெஜினா டீச்சர் கண்ணை மூடினார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை வரைந்துகொண்டார். மகனும் வரைந்துகொண்டார்.

அப்பாவின் இட்லி பாதி வழியில் நின்றது.

யாரும் எதுவும் கேட்க முடியவில்லை. தற்செயலாகச் சந்தித்தவர்கள் என்ன சாமி கும்பிட்டால் நமக்கென்ன? அதைப் பற்றிப் பேசினால் எதற்கு வந்தோம் என்பதைப் பேச வேண்டும். துரை மாமாதான் தாங்க முடியாமல், "டீச்சரம்மா, நீங்க வேதமா?" என்றார். எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம்.

"என்ன இப்படிக் கேக்கறீங்க? நீங்களும்தானே?" என்றார் ரெஜினா டீச்சர். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "பொண்ணோட அம்மா இந்துவா இருந்து வந்தவங்க, இன்னும் பொட்டு வெப்பாங்கன்னு சொன்னாங்களே. அதத்தானே நான் தேடிட்டு வந்தேன்."

அந்த நேரத்தில்தான் கொஞ்சம் தள்ளி நின்ற குடும்பம் முன்னால் வந்தது. ஒரு அம்மா, ஒரு அப்பா, ஒரு மகன். மகன் இளநீலச் சட்டை போட்டிருந்தான்.

"நாங்கதான்," என்றார் அந்த அம்மா. எங்கள் ஊர்ப் பேச்சு. "நீங்க இவியகிட்ட பேசிக்கிட்டு இருந்திய. எப்படி நடுவுல வந்து நாங்கதான்னு சொல்ல? மொறையில்லல்லா? அதான் பக்கத்து பெஞ்சுலயே இருந்துட்டோம்."

அத்தனை நேரமும் எங்களுக்கு முதுகு காட்டியிருந்தது அவர்கள்தான். முறை தவறக்கூடாது என்று, தங்கள் மகனுக்குப் பார்க்க வந்த பெண் இன்னொருவனோடு சிரித்துப் பேசுவதை வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்பா பதறி எழுந்து கைகூப்பினார். கையில் இட்லி இருந்தது. "மன்னிச்சிருங்க, தப்பு நடந்து போச்சு. சட்டையப் பாத்து ஏமாந்துட்டோம். வாங்க, உக்காருங்க, பேசுவோம்..."

"அது இருக்கட்டும் அண்ணாச்சி. தப்பா நெனைக்காதிய," என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. "உங்க மக பேசுனதெல்லாம் காதுல விழுந்துது. பிள்ளைக்கு அந்த மல ஊருக்குப் போவணும்னு ரொம்ப ஆசை போல. தனியா இருக்கணும்ங்குது. ஆசப்பட்ட பிள்ளையத் தடுத்துக் கூட்டிட்டு வர எங்களுக்கு மனசு வரல." மகனும் என்னைப் பார்த்து, கோபமில்லாமல், தலையை ஆட்டினான். மூவரும் நடந்து போய்விட்டார்கள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கல்கல் டப்பாவைப் பார்த்தேன்.

ரெஜினா டீச்சர் அதற்குள் முறையையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, மகனுக்குப் பார்த்த பெண் வீட்டாருக்குப் போன் போட்டுவிட்டார். அவர்கள் காலையிலிருந்து அடையாற்றங்கரையில் உள்ள சதுப்பு நிலப் பூங்காவின் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். "அடப்பாவமே, அது எங்க வீட்ல இருந்து நடந்து போற தூரம்!" என்று தலையில் கை வைத்தார். அவ்வளவு பக்கத்தில் தற்செயலாகப் பார்த்தால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று, சதுப்பு நிலப் பூங்கா என்று சொன்னதுமே அவர் பள்ளிக்கரணை என்றே முடிவு கட்டிவிட்டாராம்.

ஆட்டோ எதுவும் வரவில்லை. அப்பா எத்தனை இடிந்து போயிருந்தாலும் வழியில் நிற்கிற மனிதர்களை விட்டுவிட்டு வர மாட்டார். "ஏறுங்க, நாங்க கொண்டு விடுதோம்" என்றார். பின் சீட்டில் அம்மா, நான், ரெஜினா டீச்சர், அவர் மகன் நான்கு பேரும் அடைந்துகொண்டோம். நெற்றியில் மாலையோடு எங்கள் கார், எனக்குப் பார்க்காத மாப்பிள்ளையை அவருக்குப் பார்த்த பெண்ணிடம் கொண்டு சேர்க்கக் கிளம்பியது. மாமாவின் இடது கால் வழியெல்லாம் எங்களைச் சேர்த்து வணங்க வைத்தது.

இந்திரா நகர் தாண்டியபோது அம்மா திடீரென்று, "தம்பி" என்றாள்.

"சொல்லுங்கம்மா."

"அந்தப் பிள்ளகிட்ட மொதல்ல ஒரு வார்த்த கேட்டுருங்க. ஒனக்கு என்ன ஆசைன்னு. எல்லாரும் மறந்துருதோம்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பூங்கா வாசலில் அவர்களை இறக்கிவிட்டோம். சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு அப்பாவும், பொட்டு வைத்த ஒரு அம்மாவும், சிவந்த கண்ணோடு ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அவள் நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருக்க வேண்டும். பி.டி. மாஸ்டர் அவளிடம் போய் முதலில் என்ன கேட்டார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் முகம் மட்டும் ஆச்சரியப்பட்டது தெரிந்தது.

கார் கிளம்பியதும் அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினார். "எவனோ வழியில பாத்த ஒருத்தங்கிட்ட சொல்லியிருக்க. எங்கிட்ட சொல்ல ஒனக்கு வாய் வரல."

"அவரு கேட்டாருப்பா."

கோபமாகத்தான் சொல்ல நினைத்தேன். வெளியே வந்தபோது அழுகையாக வந்தது. ராஜா அண்ணாமலைபுரம் போனது, மயிலாப்பூர் போனது, அப்பா சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கழுத்தின் பின்பக்கம் வியர்வை காய்ந்து கோடு கோடாக இருந்தது. காரைத் தள்ளிய வியர்வை. என்னை எப்படியாவது கரை சேர்த்துவிட வேண்டும் என்று நகராத காரைத் தள்ளிய மனிதர். திங்கட்கிழமை மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

தி.நகர் வந்தோம். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலக் கூட்டம், தலைக்கு மேல் தலை. எங்கள் தெரு முனையில் அப்பா, "மாப்ள, நிறுத்து" என்றார். எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். "எறங்கு."

நிறுத்த இடமில்லாமல் மாமாவும் அம்மாவும் ஒரு சுற்றுச் சுற்றிவரப் போனார்கள். அப்பா என் கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு துணிக்கடை. அதன் முதலாளி அண்ணாச்சிக்குத் தெரியாமல் எங்கள் தெருவில் ஒரு ஈ பறக்காது. அந்த மனிதரின் காதில் விழக்கூடாது என்றுதான் நாங்கள் ஊர் ஊராகத் தற்செயலாக நின்றுகொண்டிருந்தோம்.

"ஸ்வெட்டர் இருக்கா அண்ணாச்சி? பொம்பளப் பிள்ளைக்கு," என்றார் அப்பா.

அண்ணாச்சி மூட்டையைப் பிரித்து எடுத்துப் போட்டார். அப்பா ஒன்றை எடுத்து, அளவு பார்ப்பதற்குத் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்றார். ரோஸ் கலர்.

"யாருக்கு அண்ணாச்சி? எங்க, ஊட்டிக்கா?"

"எம் மவளுக்கு." கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அப்பா சத்தமாகச் சொன்னார். "ஷில்லாங்குல ஆபீசராப் போறா. ரெண்டு வருசம் அங்க இருக்கணும்னு அவளுக்கு ஆசை."

"அப்படியா! அப்ப கல்யாணம்?"

அப்பா ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அத அவகிட்ட கேட்டுச் சொல்லுதேன்," என்றார். "இது ரொம்ப லேசா இருக்கு அண்ணாச்சி. நல்ல கனமா ஒண்ணு எடும்."